நவம்பரில் ஒன்பது நாள்: மான் வேட்டைப் பருவம் பற்றி வாசகர்கள் கேட்டவை

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், நவம்பர் மாதத்தின் பிற்பகுதியில் பெட்ரோல் நிலையம் முதல் தேவாலயம் வரை எங்கு திரும்பினாலும் மான் வேட்டைக்குச் செல்வோரின் பளீரென்ற ஆரஞ்சு நிறச் சட்டைகள் தென்படும் என்று சென்ற இதழில் போகிற போக்கில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. பத்தொன்பது ஆண்டுகளாக அம்மாநிலத்தில் வாழ்பவன், அவற்றுள் பதினொரு பருவங்களைப் பக்கத்து வீட்டுக் குடும்பத்தாரோடு அவர்களுடைய காட்டுக் குடிலில் கழித்தவன் என்ற தகுதியில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் பக்கத்தில் மானைச் சுட்டால் சிறைதான். அங்கே குடும்பம் குடும்பமாகச் சென்று சுடுகிறார்கள், அரசே அதற்கு உரிமம் கொடுக்கிறது என்கிறீர்கள். இப்படிச் சுட்டுக்கொண்டே இருந்தால் மான் இனம் அழிந்துவிடாதா?
— வாசகி, தென்காசி

அழியும் நிலைக்கு ஒரு முறை வந்தது என்பதிலிருந்து தொடங்குவதே முறை. வட அமெரிக்காவின் வெள்ளைவால் மான் 1900ஆம் ஆண்டை ஒட்டி நாடு முழுவதிலும் ஏறத்தாழ 5 இலட்சம் என்ற அளவுக்குக் குறைந்துபோனது. வீட்டுத் தேவைக்காகச் சுட்ட குடியானவனை விட, இரயிலில் ஏற்றி நகரத்துக் கடைகளுக்கும் உணவு விடுதிகளுக்கும் இறைச்சி அனுப்பிய வணிக வேட்டைக்காரர்களே அதற்குப் பெரிய காரணம். அயோவா மாநிலத்தைச் சேர்ந்த ஜான் லேசி என்ற நாடாளுமன்ற உறுப்பினர் கொண்டுவந்த 1900ஆம் ஆண்டுச் சட்டம், சட்டத்துக்குப் புறம்பாகக் கொன்ற காட்டு விலங்கை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டு சென்று விற்பதைக் குற்றமாக்கியது. மாநிலங்களும் காட்டு மானின் இறைச்சியை விற்பதைத் தடை செய்தன. 1937ஆம் ஆண்டில் வந்த மற்றொரு சட்டம், வேட்டைத் துப்பாக்கிகளின் மீதும் தோட்டாக்களின் மீதும் வசூலாகும் 11 விழுக்காட்டு வரியைக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கென்றே ஒதுக்கியது. இன்று அந்நாட்டில் இருக்கும் வெள்ளைவால் மான்கள் ஏறத்தாழ 3 கோடி.

இதில் நம்மவர் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது அந்த விற்பனைத் தடையைத்தான். நிலம் எவருடையதாக இருந்தாலும் அதில் மேயும் மான் மக்கள் அனைவருக்கும் உரியது. மாநில அரசு அதன் காப்பாளர் மட்டுமே. உரிமம் பெற்று ஒன்றைச் சுட்டவர் அதைத் தின்னலாம், பிறருக்குக் கொடுக்கலாம். ஒரு கிலோ இறைச்சியைக்கூட விற்க முடியாது. விடுதிகளில் மான்கறி என்று பரிமாறப்படுவது பண்ணையில் வளர்ந்த மான். பெரும்பாலும் நியூசிலாந்திலிருந்து இறக்குமதியாவது. ஆகவே காட்டு மானின் இறைச்சி ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குச் செல்லக்கூடிய ஒரே வழி, உறவும் நட்பும்தான். வேட்டைப் பருவம் ஏன் அங்கே குடும்ப விழாவைப் போல் நடக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதையே.

இன்றைய சிக்கல், மான் குறைவதைக் காட்டிலும் மிகுவதில் இருக்கிறது. விஸ்கான்சினில் 1960ஆம் ஆண்டுக்குள் ஓநாய்கள் ஒழிக்கப்பட்டுவிட்டன. பின்னாளில் மின்னசோட்டாப் பக்கமிருந்து அவை திரும்பி வந்தாலும், தெற்கேயுள்ள விளைநிலப் பகுதிகளில் மானைக் கட்டுப்படுத்தும் வலிமை அவற்றுக்கு இல்லை. மான் பெருகினால் சோளக்கொல்லை போகும், காட்டின் இளங்கன்றுகள் போகும், சாலையில் கார்கள் மோதும், கடுங்குளிரில் தீனியின்றி மந்தையே சாகும். இதை முன்பே எச்சரித்தவர் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த ஆல்டோ லியோபோல்டு. கொம்புள்ள கலைமானை மட்டும் சுட்டுக்கொண்டிருந்தால் தொகை குறையாது, பிணைமானையும் சுட வேண்டும் என்று அவர் வாதிட்டார். அதன்படி பிணையையும் சுட அனுமதித்த 1943ஆம் ஆண்டுப் பருவம், வேட்டைக்காரர்களிடமிருந்தே கடும் வசையைச் சம்பாதித்துக் கொடுத்தது. ஆண் விலங்கைக் கலை, பெண்ணைப் பிணை, குட்டியை மறி என்று பிரித்துப் பெயரிட்ட மொழியைப் பேசும் நமக்கு, அந்தச் சினம் எங்கிருந்து வந்தது என்று விளங்காமல் போகாது. இன்று கொம்பில்லா மானுக்கெனத் தனி அனுமதிச் சீட்டே வழங்கப்படுகிறது. எந்த மாவட்டத்தில் எத்தனை என்பது ஆண்டுதோறும் முடிவாகிறது.

ஓர் இடைக்குறிப்பு: இந்தச் சட்டங்களுக்கெல்லாம் முன்பிருந்தே அக்காட்டில் வேட்டையாடியவர்கள் ஒஜிப்வே பழங்குடியினர். 1837, 1842 உடன்படிக்கைகளில் நிலத்தை ஒப்படைத்தபோதும் வேட்டை உரிமையை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை; 1983இல் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

கேள்வி: ஒன்பது நாளும் காட்டிலேயே இருப்பார்களா? அங்கே என்னதான் செய்வார்கள்?
— கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

துப்பாக்கிப் பருவம், நன்றி நவிலும் நாளுக்கு (தேங்க்ஸ்கிவிங்) முந்தைய சனிக்கிழமை தொடங்கி அதற்கு அடுத்த ஞாயிறு முடியும். நன்றி நவிலும் நாள் நவம்பரின் நான்காம் வியாழன் என்பதால், பாதிப் பேருக்கு எப்படியும் விடுமுறை கிடைத்துவிடும். ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் உரிமம் வாங்குகிறார்கள். மாநிலத்தின் மக்கள் தொகையே அறுபது இலட்சத்தைத் தொடவில்லை. பக்கத்து மாநிலமான மிச்சிகனில் இந்தக் கிழமைக் கணக்கெல்லாம் இல்லை. எந்தக் கிழமையாக இருந்தாலும் நவம்பர் 15 தான் தொடக்கம்.

நான் செல்லும் குடில் ஓர் அறை, ஒரு விறகடுப்பு, எட்டு அடுக்குக் கட்டில்கள் கொண்டது. வெள்ளிக்கிழமை மாலை மூன்று தலைமுறை ஆண்களும் பெண்களும் வந்து சேருவார்கள். பீன்ஸும் இறைச்சியும் சேர்த்துக் கொதித்த பெரிய சட்டி ஒன்று, ஜெர்மானியக் குடியேறிகள் கொண்டுவந்த 'ஷீப்ஸ்ஹெட்' சீட்டாட்டம், சென்ற ஆண்டுகளின் பொய்கள் என்று அந்த இரவு கழியும். அந்தச் சீட்டாட்டத்தில் இராணிக்குத்தான் மதிப்பு அதிகம்; இராசா ஏறத்தாழ ஒன்றுமில்லை. இதைப் பழகிக்கொள்ள எனக்கு மூன்று பருவங்கள் ஆயின.

சனிக்கிழமை விடியற்காலை நான்கரை மணிக்கு எல்லோரும் எழுந்துவிடுவார்கள். சூரியன் உதிப்பதற்கு அரை மணி நேரத்துக்கு முன்பிருந்தே சுடலாம் என்பதால், அதற்குள் இருட்டிலேயே நடந்து அவரவர் இடத்தில் அமர்ந்துவிட வேண்டும். மரத்தில் பொருத்திய அந்த இருக்கைக்கு ஆங்கிலத்தில் ஏதேதோ பெயர் உண்டு. தினைப்புனத்தில் கிளி விரட்டிய நமக்குப் பரண் என்ற சொல் போதும். பரணிலிருந்து விழுந்து எலும்பு முறிபவர்கள் ஆண்டுதோறும் இருப்பதால், இடுப்பும் தோளும் சேர்த்துக் கட்டும் வார்ப்பட்டை இல்லாமல் எங்கள் குடிலில் எவரையும் ஏற விடுவதில்லை. துப்பாக்கியை மேலே கொண்டு போகும் முறையும் உண்டு: தோட்டாவை எடுத்துவிட்டு, கீழேயே கயிற்றில் கட்டிவைத்து, ஏறி அமர்ந்த பின்பு மேலே இழுத்துக்கொள்வார்கள்.

முதல் ஆண்டு நான் உரிமம் வாங்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவரோடு இருவர் அமரும் பரணில் வெறுமனே உட்கார்ந்திருந்தேன். குளிர் பூச்சியத்துக்குக் கீழே எட்டு டிகிரி. உலர்ந்த ஓக் இலைச் சருகில் ஓர் அணில் நடந்தாலும் யானை வருவதுபோல் கேட்கும். இரண்டு மணி நேரம் அணிலுக்கெல்லாம் நெஞ்சு படபடத்த பிறகு, ஒலியே இல்லாமல் ஒரு பிணை முன்னே நின்றது. அது எங்கிருந்து வந்தது என்று நான் பார்க்கவேயில்லை. பெரியவரின் ஆட்காட்டி விரல் விசைக்கு வெளியே நீட்டியபடியே இருந்தது. மானுக்குப் பின்னால் இருப்பது மண்மேடுதான் என்று நன்றாகப் பார்த்துக்கொண்ட பின்னரே விரல் உள்ளே சென்றது. வெடித்தவுடன் மான் ஓடிவிட்டது. நான் இறங்க முற்பட்டபோது அவர் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். உடனே பின்தொடர்ந்தால் அடிபட்ட மான் மேலும் ஓடும், விட்டுவிட்டால் அருகிலேயே படுத்துவிடும் என்பதற்காக அரை மணி நேரம் காத்திருந்து, பனியில் சிந்திய துளிகளைப் பார்த்து நடந்தோம். அறுபது எழுபது அடி தூரத்தில் கிடந்தது. அவர் மண்டியிட்டுக் குடலை நீக்கியபோது வயிற்றிலிருந்து ஆவி எழுந்தது; கையுறையைக் கழற்றிய அவர் கைகள் அந்த ஆவியிலேயே சூடாயின. ஈரலை மட்டும் ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையில் போட்டு என்னிடம் கொடுத்தார்.

அந்த மான் அவருடைய அனுமதிச் சீட்டில் கணக்காகவில்லை, அவருடைய மைத்துனரின் சீட்டில் கணக்கானது. ஒரே குழுவாக வேட்டையாடுவோர், கருவி எதுவும் இல்லாமல் ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்கும் தொலைவிலோ பார்வைக்கு எட்டும் தொலைவிலோ இருந்தால், ஒருவர் மற்றவரின் சீட்டுக்காகச் சுடலாம் என்று அம்மாநிலச் சட்டம் இடம் கொடுக்கிறது. அந்த மைத்துனர் அடுத்த மேட்டிலேயே இருந்தார். மறுநாள் மாலை 5 மணிக்குள் தொலைபேசியிலோ இணையத்திலோ பதிவு செய்துவிட வேண்டும். முன்பெல்லாம் மானைக் காரின் மேல் கட்டிக்கொண்டு பதிவு நிலையத்துக்குச் சென்று ஊரே கூடிப் பார்க்கும் வழக்கம் இருந்தது. 2015இல் அது முடிந்துவிட்டது. பெரியவர் இன்னும் அதைச் சொல்லிப் புலம்புகிறார்.

கேள்வி: ஆரஞ்சுச் சட்டை அணிந்து போனால் மான் பார்த்து ஓடிவிடாதா?
— வாசகர், மதுரை

ஓடாது. நம் கண்ணில் நிறம் உணரும் கூம்பணுக்கள் மூன்று வகை. மானுக்கு இரண்டு வகைதான். சிவப்பை உணரும் வகை இல்லாததால், நமக்குப் பளிச்சென்று தெரியும் ஆரஞ்சு அதற்கு மங்கலான ஒரு நிறமே. நீலமும் புற ஊதாவும் அதற்கு நம்மை விட நன்றாகத் தெரியும். ஆகவே 'வெண்மை கூட்டும்' சலவைத்தூளில் துவைத்த உடை மானுக்கு மின்னக்கூடும். அசைவுக்கும் மணத்துக்கும் அது இன்னும் விரைவாக விழித்துக்கொள்ளும். தலையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு பரணில் ஏறிய தமிழர் என்ற பெருமை எனக்கு உண்டு.

சட்டை மானுக்காக அன்று, மற்ற வேட்டைக்காரர்களுக்காக. விஸ்கான்சின் 1945இல் சிவப்பு உடையைக் கட்டாயமாக்கியது, 1980இல் பளீர் ஆரஞ்சுக்கு மாறியது, 2016இல் பளீர் இளஞ்சிவப்பையும் ஏற்றுக்கொண்டது. இடுப்புக்கு மேலே தெரியும் உடையில் பாதிக்குக் குறையாமல் அந்த நிறம் இருக்க வேண்டும்; தொப்பி அணிந்தால் அதிலும் பாதி.

கேள்வி: மேடிசனில் எச்-1பி விசாவில் வேலை செய்கிறேன். உடன் வேலை செய்பவர் தம் குடும்பத்தோடு வேட்டைக்கு வரும்படி அழைத்திருக்கிறார். நான் போகலாமா?
— வாசகர், விஸ்கான்சின்

போகலாம்; ஆனால் ஒரு விதியை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். குடியேற்ற உரிமை இல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது அதற்குரிய விதிவிலக்குகளில் ஒன்று. எனவே உரிமம் வாங்குவதற்கு முன், "சும்மா ஒரு முறை பிடித்துப் பாருங்கள்" என்று எவர் நீட்டினாலும் கை கட்டிக்கொண்டு நில்லுங்கள். நண்பரின் நல்லெண்ணம் உங்கள் விசாவுக்கு வினையாகிவிடக் கூடாது. ஐயம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

1973 சனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள் உரிமம் வாங்க வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். வயது வந்தோர் இணையத்திலேயே முடிக்கலாம். முப்பது நாள்கள் நிலையாகக் குடியிருந்தவர் மாநிலவாசியாகக் கருதப்படுவார். அவருக்கு மான் உரிமம் 24 டாலர். வெறுமனே பரணில் உட்கார்ந்து பார்ப்பதற்கு உரிமம் வேண்டியதில்லை, ஆயினும் ஆரஞ்சு அணிந்துகொள்ளுங்கள். மானைக் கலைத்து விரட்டிவிடும் வரிசையில் சேர்ந்து நடந்தால், கையில் ஒன்றும் இல்லாவிட்டாலும் அது வேட்டையாகவே கொள்ளப்படும்.

கேள்வி: என் பேத்திக்கு ஒன்பது வயது. அவளையும் கூட்டிப் போவதாக மருமகன் சொல்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.
— வாசகி, திருச்சி

அம்மாநிலத்தில் 2017ஆம் ஆண்டிலிருந்து, துணைநின்று வழிகாட்டும் பெரியவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் எந்த வயதுக் குழந்தையும் வேட்டையாடலாம். அதற்கு முன் பத்து வயது என்ற வரம்பு இருந்தது. சட்டம் இடம் கொடுக்கிறது என்பதற்காகச் செய்ய வேண்டும் என்பதில்லை. ஒன்பது வயதில் அவள் பார்க்கட்டும்; காதுக்கு உறை, தடித்த காலுறை, ஒரு குடுவையில் சூடான கோகோ கொடுத்து அனுப்புங்கள். பயிற்சி முடித்த பிறகு, பன்னிரண்டு வயதில் சுடுவதைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம். எங்கள் குடிலில் அதுவே எழுதாத விதி. குடலை நீக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்ட குழந்தையை எவரும் கேலி செய்யக் கூடாது என்பதும் விதிதான்.

கேள்வி: மான்கறி எப்படி இருக்கும்? நம் முறையில் சமைக்க முடியுமா? ஏதோ நோய் வருகிறது என்கிறார்களே?
— வாசகி, சிகாகோ

முதலில் நோய். மானை மெலிய வைத்துக் கொல்லும் 'நாட்பட்ட மெலிவு நோய்' 1967இல் கொலராடோவில் முதன்முதலாகக் காணப்பட்டது. விஸ்கான்சினில் 2002இல் கண்டறியப்பட்டது. உருக்குலைந்த ஒருவகைப் புரதம் அதற்குக் காரணம். எவ்வளவு வேகவைத்தாலும் அது அழியாது. மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியாகவில்லை. ஆயினும் நோய் இருப்பதாகத் தெரிந்த மானை உண்ண வேண்டாம் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. மானின் தலையைக் கொண்டு சென்று அதற்கென வைத்திருக்கும் பெட்டியில் போட்டால் மாநில அரசே கழுத்தின் நிணநீர்க் கணுக்களைக் கட்டணமின்றிச் சோதித்துச் சொல்லும். முடிவு வரும்வரை உறைபெட்டியில் வையுங்கள். கறி கொடுத்தவரிடம் "சோதித்தீர்களா?" என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். அடுத்தது ஈயம். ஈயத் தோட்டா எலும்பில் பட்டால் கண்ணுக்குத் தெரியாத துகள்களாகச் சிதறும். கருவுற்ற பெண்களும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளும் அப்படிச் சுட்ட மானின் இறைச்சியைத் தவிர்ப்பது நல்லது. செப்புத் தோட்டாவுக்கு மாறியவர்கள் வீட்டில் இந்தக் கவலை இல்லை.

இனி அடுப்பு. காட்டு மானில் கொழுப்பு மிகக் குறைவு. இருக்கும் கொழுப்பும் மெழுகுபோல் அண்ணத்தில் ஒட்டும், அதை அறுத்து எறிந்துவிடுங்கள். முதுகுத் தண்டின் இருபுறமும் ஓடும் நீள்சதையை அதிகம் வேகவிட்டால் செருப்புத் தோல்தான். நல்லெண்ணெயில் இரண்டிரண்டு நிமிடம் புரட்டி, நுணுக்கிய மிளகு தூவி இறக்கிவிட வேண்டும். தோளும் தொடையின் கீழ்ப்பகுதியும் எதிர்மாறு: சின்ன வெங்காயம், பூண்டு, மல்லி, மிளகு அரைத்துச் சேர்த்து மூன்று மணி நேரம் சிறுதீயில் விட்டு, கடைசியில் சுண்ட வறுத்தால் நம் ஆட்டுச் சுக்காவைத் தோற்கடிக்கும். அவர்கள் கீற்றாக அரிந்து உப்பும் மசாலாவும் ஏற்றி உலர்த்துவது நம் உப்புக்கண்டத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி.

பங்கு பிரிப்பதைப் பார்க்க வேண்டும். கழற்றிய கதவு ஒன்றை இரண்டு முக்காலிகள் மேல் போட்டு, நால்வர் அறுப்பார்கள், பாட்டி வெள்ளைத்தாளில் சுற்றி எந்தப் பகுதி, எந்த ஆண்டு, யாருக்கு என்று எழுதுவார். அவ்வாண்டு வேட்டைக்கு வர இயலாத மூத்த அத்தைக்கு முதல் பொட்டலம். சுடாதவனான எனக்கும் ஐந்து பொட்டலங்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் என் பெயரில் ஓர் எழுத்து குறைந்திருந்தது. பதினொரு ஆண்டுகளாக அந்த எழுத்து வந்து சேரவில்லை, நானும் திருத்தவில்லை. மிஞ்சும் மானை, 2000ஆம் ஆண்டிலிருந்து நடக்கும் நன்கொடைத் திட்டத்தில் முழுதாகக் கொடுத்துவிட்டால், அரைத்த இறைச்சியாக ஏழைகளுக்கான உணவு நிலையங்களுக்குச் செல்கிறது.

கேள்வி: உண்மையைச் சொல்லுங்கள், பாவம் என்று தோன்றியதில்லையா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், காஞ்சிபுரம்

தோன்றியது, இப்போதும் ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது. கடையில் கோழி வாங்கும்போது தோன்றுவதில்லை என்பதுதான் எனக்கு உறுத்தல்.

கேள்வி: முதன்முதலாக ஒரு வேட்டைக் குடிலுக்கு விருந்தாளியாகப் போகிறேன். என்ன கொண்டு போகலாம்?
— வாசகி, மினியாபொலிஸ்

மது நிறையவே இருக்கும், அதைக் கொண்டு போகாதீர்கள். அதுவும் துப்பாக்கிகள் எல்லாம் தோட்டா நீக்கி மாட்டிய பிறகே திறக்கப்படும். இரண்டு சோடிக் கம்பளிக் காலுறை, நெற்றி விளக்கு, பாத்திரம் கழுவும் மனம் ஆகியவை கட்டாயம். விடியற்காலை நான்கரை மணிக்குச் சூடாக்காமல் உண்ணக்கூடிய எதையாவது கொண்டு போனால் மதிப்பு உயரும். நான் இரண்டாம் ஆண்டில் ஒரு பெரிய டப்பா நிறையப் புளியோதரை கொண்டு சென்றேன். குடிலின் கதவுக்குப் பின்னால் ஒவ்வொருவரும் கொண்டுவர வேண்டிய பொருள்களின் பட்டியல் ஒன்று ஒட்டியிருக்கும்: விறகு, மண்ணெண்ணெய், முட்டை, காப்பித்தூள். மூன்றாம் ஆண்டு சென்றபோது, காப்பித்தூளுக்குக் கீழே, எழுத்து குறைந்த என் பெயருக்கு நேராக, "அந்தப் புளிச் சோறு, இரண்டு டப்பா" என்று எழுதியிருந்தது.